தாராளமாகப் போகும்

மேலச் சித்திரை வீதி,
ஸ்ரீரங்கம்.
8-5-2025

அன்புள்ள பெலிண்டாவுக்கு,

பவித்ரா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று வழக்கம்போல ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். நீ நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டே அப்படி எழுதக் கை வரவில்லை.

ஸ்ரீரங்கத்துக்கும் புத்தூருக்கும் நடுவே ஒரு பாலம்தானே, இதற்குப் போய்க் கடிதமா என்று நீ சிரிப்பாய். சிரித்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினேன், அழித்தேன், திரும்ப எழுதினேன், அழித்தேன். அதையும் நீ பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாய். காலேஜ் லீவில் நாம் எழுதிக்கொண்டதுபோலத் தாளில் எழுதிவிடலாம், தாளில் அடித்து அடித்து எழுத வெட்கமாக இருக்கும், ஒரேயடியாக எழுதி முடித்துவிடுவேன் என்று உட்கார்ந்தேன்.

உன் வீட்டுக்காரர் ஜூட்டிடம் பேசினேன். நடந்ததை அவர்தான் சொன்னார். திருவானைக்காவலில் ஒரு மண்டபம், ஒரு குழந்தையின் முதல் பிறந்த நாள். அதற்கு நீ பார்த்துப் பார்த்துச் செய்த மூன்றடுக்குக் கேக்கோடு உன் மின்சார ஸ்கூட்டரில் கிளம்பியிருக்கிறாய். காவிரிப் பாலத்தில் ஏறியதும் வண்டி நின்றுவிட்டது. மே மாத வெயிலில், பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடிக்க, ஒரு கையால் வண்டியையும் ஒரு கையால் கேக் டப்பாவையும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். ஆட்டோ கிடைத்து நீ போய்ச் சேரும்போது க்ரீம் உருகி மேலடுக்கு சரிந்துவிட்டதாம். "அவங்க வீட்டுல யாரும் திட்டலைங்க. அதுதான் இவளுக்குத் தாங்கலை," என்றார் ஜூட். போனை வைத்தபிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உன் வண்டியில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும், பெலி. எல்லா வண்டியும் அப்படி இல்லை. சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய்க் காட்டு. நாம் ஷோரூமுக்குப் போன அன்று நான் சொன்னதெல்லாம் சரிதானே? பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நிற்க வேண்டாம். காலில் சூடு அடிக்காது. சந்துக்குள் மாட்டிக்கொண்டால் ரிவர்ஸ் எடுக்கலாம். எல்லாவற்றையும்விட, அதிர்வு இல்லை, உதறல் இல்லை, கேக் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். வாங்கின புதிதில் நீயே என்னைக் கூப்பிட்டு, "ரோஜாப்பூ ஒன்னுகூட இடம் மாறலைடி" என்று சந்தோஷப்பட்டாய். அது நினைவிருக்கிறதல்லவா?

இங்கே எல்லாரும் சௌக்கியம். மாமனார் காலையில் பேப்பர், மாலையில் கோயில் என்று இருக்கிறார். பெலிண்டா ஏன் வரவே காணோம் என்று உன்னை விசாரித்தார். நான் நடைப்பயிற்சியை விடாமல் செய்துவருகிறேன். டாக்டர் சொன்னதாயிற்றே.

போனை எடு. திட்டுவதற்காவது எடு.

அன்புடன்,
பவித்ரா


புத்தூர்,
திருச்சி.
14-5-2025

அன்பு பவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாலத்தைத் தாண்டி வர இத்தனை நாள் எடுத்துக்கொண்டிருக்கிறது. என் வண்டியைவிட மெதுவாகப் போவது இந்த ஊரில் தபால் ஒன்றுதான்.

உன்மேல் எனக்கு என்ன கோபம்? நீயா வண்டி செய்தாய்? உன் போனை மட்டுமா எடுக்கவில்லை, யார் போனையும் எடுக்கவில்லை. கூப்பிடுகிறவர்கள் அந்தக் கேக்கைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. அடுப்பை மூட்டவே பிடிக்கவில்லை. இப்போது பரவாயில்லை, நேற்று ஒரு பிளம் கேக் போட்டேன்.

தப்பு என்னுடையது. எங்கள் வீடு மூன்றாவது மாடி. என் வண்டியில் பாட்டரியைக் கழற்றி மேலே கொண்டுவர முடியாது. கீழே பொதுப் பிளக்கில்தான் சார்ஜ் போட வேண்டும். அதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், குடியிருப்புச் சங்கச் செக்ரட்டரி வீட்டில் சாவி வாங்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஏதோ இரவல் கேட்பதுபோல அவர்கள் வாசலில் நிற்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை அவர்கள் ஊரிலேயே இல்லை. இதையெல்லாம் வாங்கும் முன்பே யோசித்திருக்க வேண்டும். ஷோரூமில் எனக்கு என் கேக் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

ஞாயிறு காலை உன்னைக் கூப்பிட்டதும் என் தப்புதான். "என் வண்டியில சார்ஜ் கம்மி, நீ உன் வண்டியில வந்து வாங்கிட்டுப் போய்க் குடுக்கிறியா?" என்று கேட்டேன். நீ, "முட்டை கேக் ஆச்சே பெலி, எங்க வீட்டு வண்டியில ஏத்தினா மாமனார் சும்மா விடமாட்டார்" என்றாய். உங்கள் வீட்டு ஆசாரம் தெரிந்திருந்தும் கேட்டுவிட்டேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உங்கள் வீட்டுக்கென்று முட்டை போடாத கேக்கை, தனிப் பாத்திரம், தனிக் கரண்டி வைத்துச் செய்து கொண்டுவருகிறவள் நான். எனக்கே அது தோன்றியிருக்க வேண்டாமா? உன்னைச் சங்கடத்தில் மாட்டிவிட்டேன். மன்னித்துக்கொள்.

அந்தப் பிறந்த நாள் வீட்டார் தங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் சரிந்த கேக்கின் போட்டோவைப் போட்டுவிட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஆர்டர்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இனிமேல் பாலத்துக்கு அப்பால் ஆர்டர் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். வண்டியையும் விற்றுவிடப் போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயில் தாழ்ந்தபிறகு நட.

பெலிண்டா


ஸ்ரீரங்கம்,
18-5-2025

பெலி,

"மன்னித்துக்கொள்" என்று நீ எழுதியிருந்த இடம் வந்ததும் தாளை மடித்து வைத்துவிட்டேன். மீதியை மறுநாள்தான் படித்தேன். நீ நன்றாகத் திட்டி எழுதியிருந்தால் நான் இன்னொரு பொய்யை எழுதிச் சமாளித்திருப்பேன். நீ மன்னிப்புக் கேட்டுவிட்டாய். இனிமேல் என்னால் முடியாது.

நான் நடைப்பயிற்சி எதுவும் செய்யவில்லை. எந்த டாக்டரும் எதுவும் சொல்லவில்லை. என் வண்டி ஏப்ரலிலிருந்து சர்வீஸ் சென்டரில் கிடக்கிறது. ஏதோ ஒரு பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டுமாம். "இந்த வாரம் வந்துரும் மேடம்" என்று ஒவ்வொரு வாரமும் சொல்கிறார்கள். பழைய வண்டி என்றால் தெருமுனை மெக்கானிக் எதையாவது முறுக்கிக் கட்டி ஓட வைத்துவிடுவார். இதைக் கண்டால் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். கடைக்கும் பாங்க்குக்கும் நடந்து போய்க்கொண்டிருக்கிறேன். அதற்குத்தான் உன்னிடம் நடைப்பயிற்சி என்று பெயர் வைத்தேன். வீட்டிலும் வழக்கமான சர்வீஸ் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன்.

சர்வீஸுக்குப் போகும் முன் என் வண்டியும் ஒரு நாள் நின்றது. அதே பாலத்தில். இன்னும் இருபது கிலோமீட்டர் போகும் என்று மீட்டரில் காட்டிக்கொண்டே நின்றது. சார்ஜ் இறங்கிய பிறகு பாரத்தோடு மேட்டில் ஏறினால் அந்தக் கணக்கை நம்ப முடியாது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. மாம்பழச் சாலை வரை தள்ளிக்கொண்டு வந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ, "இருபத்தெட்டு காட்டுது பவி, போதுமா?" என்று கேட்டபோது, "தாராளமா போகும்" என்றேன். தெரிந்தே சொன்னேன். போனை வைத்துவிட்டுப் பூ தொடுக்கப் போய்விட்டேன்.

ஏன் என்று கேட்பாய். இந்த வண்டியை வாங்க நான் வீட்டில் போட்ட சண்டை உனக்குத் தெரியும். மாமனார் பீமராவ் ரயில்வேயில் இருந்தவர், எந்த யந்திரத்தையும் லேசில் நம்ப மாட்டார். "பாட்டரி வண்டி பாதி வழியில நின்னா யாரும்மா தள்ளறது?" என்று கேட்டார். "பீமராவ் வீட்டு மருமகள் தள்ளுவா" என்று நான் எல்லார் முன்னாலும் எதிர்த்துச் சொன்னேன். ஜெயித்தேன். ஜெயித்த பிறகு அந்த வண்டியைப் பற்றி ஒரு குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் சொல்ல முடியாததை உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னை ஷோரூமுக்கு இழுத்துக்கொண்டு போனவளே நானாயிற்றே. விற்கிறவரைப் பேசவிடாமல் நான்தானே பேசினேன். உங்கள் வீடு மூன்றாவது மாடி என்பதுகூட எனக்கு அன்று ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை.

இனி, முட்டை. அதுதான் எல்லாவற்றிலும் கேவலம், அதனால்தான் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன். வண்டியில் எது ஏறலாம், எது ஏறக்கூடாது என்று என் மாமனார் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீ கூப்பிட்ட அன்று உன் கேக்கை எடுத்துப்போக என்னிடம் வண்டியே இல்லை. இல்லை என்று சொல்ல மானம் தடுத்தது. அந்த நேரத்தில் முட்டை வாயில் வந்தது. அதைச் சொன்னால் நீ மறுபேச்சுப் பேச மாட்டாய், ஏன் என்று கேட்க மாட்டாய், சட்டென்று விலகிக்கொள்வாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உன் நல்ல குணத்தை வைத்தே உன் வாயை அடைத்தேன்.

இதற்குமேல் எழுதத் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

பவித்ரா


புத்தூர்,
9-6-2025

பவி,

உடனே பதில் போடவில்லை. போட்டிருந்தால் இது வேறு கடிதமாக இருந்திருக்கும். எழுதிக் கிழித்ததை ஜூட் பொறுக்கிப் படித்துவிட்டு, "இதை மட்டும் அனுப்பாத" என்றார்.

வண்டி நின்றதையும் கேக் சரிந்ததையும் நான் மறந்துவிடுவேன். எனக்கு முன்பும் கேக் சரிந்திருக்கிறது. முட்டையை மறக்க முடியவில்லை. அந்தப் பாலத்தில் நின்றபோது நான் வண்டியைத் திட்டவில்லை, தெரியுமா? இத்தனை வருஷம் பழகியும் என் கை செய்தது இவர்கள் வண்டியில் ஏறக்கூட லாயக்கில்லாமல் போயிற்றே என்றுதான் நினைத்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது அதற்குத்தான். போன மாதம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் உன் மாமனாரைப் பார்த்தேன். என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஒன்றும் அறியாத மனிதர். அவர் வயசுக்கு நான் செய்தது எவ்வளவு பெரிய அவமரியாதை. அதை என்னைச் செய்ய வைத்தவள் நீ.

உன்னோடு இனிமேல் பேச்சு வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் உறையூரிலிருந்து கமருன்னிசா என்று ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். சேலைக்கு ஃபால்ஸ் தைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர். நல்ல மாதிரி. வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "உறையூர்லேர்ந்து ஸ்ரீரங்கம் போயிட்டு அலைஞ்சுட்டு வர்றதுக்குத் தாங்குமாங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். "தாராளமா போகும்" என்று வந்தது.

உன் வார்த்தை, பவி. அப்படியே உன் குரலில் வந்தது. அவர் அட்வான்ஸ் கொடுக்கக் கைப்பையைத் திறந்துவிட்டார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று அவசரமாக அனுப்பிவிட்டேன். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாலத்தில் நின்றவள் நான். வெயிலில் தள்ளியவள் நான். எனக்கே அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வருகிறது. அதற்குப் பிறகு உன்மேல் பழையபடி கோபப்பட முடியவில்லை, அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

உண்மையைச் சொல்லி விற்க எனக்குத் துணிச்சல் இல்லை. வண்டி விற்றுப்போக வேண்டுமே. நீ சொல். ஞாயிற்றுக்கிழமை உங்கள் பக்கம் சேலை கொடுக்க வருகிறாராம். உன் விலாசம் கொடுத்திருக்கிறேன். நல்லது, கெட்டது எல்லாவற்றையும் சொல். அதற்குப் பிறகும் அவர் வாங்கினால் எனக்கு உறுத்தாது.

இதைச் சமாதானம் என்று நினைத்துக்கொள்ளாதே.

பெலிண்டா


ஸ்ரீரங்கம்,
16-6-2025

அன்புள்ள பெலிண்டாவுக்கு,

கமருன்னிசா நேற்று வந்தார். என் வண்டியும் ஒருவழியாகச் சர்வீஸிலிருந்து வந்து வாசலில் நிற்கிறது. அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தேன். மாமனார் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது, மூடவில்லை. அவரும் கேட்கட்டும் என்றுதான் விட்டேன்.

நல்லதை முதலில் சொன்னேன். தரைத்தளத்தில் வீடும் சொந்த மீட்டரும் இருந்தால் இதைப்போல வசதி கிடையாது, ராத்திரி போட்டுவிட்டு மறந்துவிடலாம், ஊருக்குள் ஓடுவதற்குப் பெட்ரோல் செலவில் கால்வாசிகூட ஆகாது, சத்தமில்லை, புகையில்லை, சேலை மூட்டை ஆடாது என்றேன். பிறகு மற்றதைச் சொன்னேன். மீட்டர் காட்டுவதில் பாதியைத்தான் நம்ப வேண்டும். சார்ஜ் இறங்கிவிட்டால் பாலத்தில் ஏறக்கூடாது. கரண்ட் போனால் நாம் போக முடியாது. கெட்டுப்போனால் சர்வீஸ் சென்டரை விட்டால் வேறு கதி இல்லை, பாகம் வரும்வரை நடராஜா சர்வீஸ்தான். சில வருஷம் கழித்துப் பாட்டரி மாற்ற என்ன கேட்பார்கள் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. பெலிண்டாவின் வண்டி பாலத்தில் நின்றதையும் சொன்னேன், என் வண்டி நின்றதையும் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "எங்க வீடும் மாடிதாங்க. கீழ பிளக்கே கிடையாது," என்றார். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தவர் வாசல்படியில் நின்று, "நீங்க அவங்களுக்கு ஃப்ரெண்டாங்க, விரோதியாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆக, உன் வண்டியை விற்கவிடாமல் செய்துவிட்டேன். முன்பு பொய் சொல்லி உனக்கு நஷ்டம் உண்டாக்கினேன், இப்போது உண்மையைச் சொல்லி.

அவர் போனதும் மாமனார் வெளியே வந்தார். நான் சொன்னதுதானே நடந்தது என்று கேட்பார் என்று காத்திருந்தேன். "ஏம்மா, பாலத்துலேர்ந்து நீ தனியாவா தள்ளிண்டு வந்தே?" என்றார். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. முட்டை விஷயத்தையும் சொன்னேன். "என் பேரைச் சொல்லியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். "அந்தப் பொண்ணு பஸ் ஸ்டாண்டுல என்னைப் பார்த்துட்டுத் திரும்பிண்டது. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு யோசிச்சுண்டே இருந்தேன். ஆத்துச் சமையலறைக்குள்ள வேண்டாம், அது எங்க வழக்கம். அதுக்காக வண்டியில போற டப்பாவைப் பிரிச்சுப் பார்க்கறவனா நான்?" என்றார். நேற்று மாலை நான் கொண்டுபோய் வைத்த காபியை அவர் தொடவில்லை. இன்று காலைதான் குடித்தார்.

பெலி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பாலத்துக்கு அப்பால் ஆர்டர் எடுப்பதில்லை என்று எழுதியிருந்தாய். எடு. நீ ஓடத்துறை வரைக்கும் வந்தால் போதும், அது உனக்குப் பக்கம்தான். அங்கிருந்து பாலம் ஏறுவது என் வண்டி. என் வீடு தரைத்தளம், ராத்திரி முழுக்கப் பிளக்கில் இருக்கும். கேக் போய்ச் சேர வேண்டிய வீட்டில் நானே இறக்கி வைக்கிறேன். முட்டை போட்டதா என்று கேட்க மாட்டேன்.

இதனால் நான் செய்தது சரியாகிவிடும் என்று எழுதவில்லை. வேண்டாம் என்றால் பதில் போடாதே. நான் புரிந்துகொள்வேன்.

பவித்ரா


புத்தூர்,
19-6-2025

பவி,

கமருன்னிசா போன் செய்தார். "உங்க ஃப்ரெண்டை வாசல்ல உட்கார வச்சா ஷோரூமையே இழுத்து மூடிடுவாங்க" என்றார். எல்லாவற்றையும் சொல் என்றால் இப்படியா சொல்வது? ஜூட் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

இந்த உறைக்குள் உன் மாமனாருக்குத் தனியாக ஒரு கடிதம் இருக்கிறது. பிரிக்காமல் அவர் கையில் கொடு. பஸ் ஸ்டாண்டில் நான் நடந்துகொண்டதற்கு எழுதியிருக்கிறேன். உன்னைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இருபத்தொன்பதாம் தேதி, ஞாயிறு, ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் பக்கம் ஒரு வீட்டில் கேக் கேட்டார்கள். இரண்டடுக்கு. முட்டை போட்டதுதான். ஒத்துக்கொண்டுவிட்டேன். மூன்று மணிக்கு ஓடத்துறையில் பாலம் ஏறும் இடத்தில் நிற்பேன். வெயில் இருக்கும், என்னைக் காக்க வைக்காதே.

வீட்டிலிருந்து கிளம்பும்போது மீட்டரில் என்ன காட்டுகிறது என்று பார்த்து, உள்ளதை உள்ளபடி போனில் சொல். எடுப்பேன்.

பெலிண்டா